மூன்றாவது கம்பி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒருவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று எனக்கே தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புக் கடிதமும், கடைக் கண்ணாடியில் ஒட்டுகிற 'கரண்ட் இல்லை' அட்டையும்தான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் அந்த அக்காவைப் பற்றி யாராவது எழுதி வைக்க வேண்டும். எழுதத் தெரிந்தவர்களுக்கு அவரைத் தெரியாது. அவரைத் தெரிந்தவர்கள் யாரும் எழுதப் போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் எழுத மாட்டேன். அவர் கணவர் அரசாங்க வேலை பார்த்தவர், பெயர் வெளியே வருவது அவர்களுக்குப் பிடிக்காது.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற சாலையில் ஒரு கிளைத் தெரு. அங்கே எங்கள் வீட்டின் முன் அறையில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். செல்போன் எல்லோர் கையிலும் வராத காலம். என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்குச் சீட்டு எழுதும் அலுவலகத்தில் இருந்தார். பகலெல்லாம் கடையில் நான் மட்டும்தான். எதிர்ப்பக்கம் தீயணைப்பு நிலையத்து ஆட்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ். அக்காவின் கணவர் அங்கே தீயணைப்பு வண்டி ஓட்டுநர். அக்கா ராயபுரத்தில் பிறந்தவர், எட்டாவது வரை படித்தவர். தெருவில் அவருக்குப் பெயர் 'அசெம்பிளி அக்கா'. கிண்டலாக வைத்த பெயர்தான். கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார்.

கடை திறந்த முதல் மாதம் அவர் அரசிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார். அரசாங்கம் போடுகிற சட்டம், விதி, உத்தரவு எல்லாம் அச்சாகி வருகிற இதழ் அது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கத்தில் நாலு வரியைக் காட்டி, இதை ஒரு காப்பி போடு என்றார். நாலு வரிதானே என்று, தாளில் அந்த இடம் மட்டும் விழுகிற மாதிரி வைத்து எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னாம்மே இது? தலைய வெட்டிட்டு முண்டத்த குடுக்கிற?"

"நாலு வரிதான கேட்டீங்கக்கா..."

"நாலு வரிய யார் வேணா அடிப்பான். மேல நம்பரு, தேதி கீது பாரு, அதான் மூஞ்சி. மூஞ்சி இல்லாம போட்டோ புடிச்சா யாருன்னு தெரியும்?"

முழுப் பக்கமும் எடுத்துக் கொடுத்தேன். நம்பரையும் தேதியையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அவருடைய வேலை இதுதான். யாரும் கொடுத்த வேலை இல்லை. சட்டசபையில் தீயணைப்புத் துறை பற்றி, மீட்பு வேலை பற்றி, ஆம்புலன்ஸ் பற்றி எது பேசினாலும், எது நிறைவேறினாலும் அவருக்குத் தெரிய வேண்டும். டீக்கடையில் எல்லோரும் படித்து முடித்த இரண்டு பத்திரிகைகள் மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய்விடும். சாயங்காலம் ரேடியோவில் மாநிலச் செய்தி ஓடும்போது அவர் வீட்டில் தாளிக்க மாட்டார்கள். கடுகு வெடிக்கிற சத்தத்தில் ஏதாவது விட்டுப்போய்விடுமாம். சட்டசபை நடக்கும் மாதத்தில் அவரைப் பிடிக்கவே முடியாது.

"போலீசுக்கும் நம்மளுக்கும் ஒரே நாள்ல பேச்சு வரும்," என்பார். "போலீசப் பத்தி நாள் பூரா பேசிகினு இருப்பாங்கோ. நம்மளப் பத்தி கடைசீல நாலு வரி. அந்த நாலு வரிக்கோசரம் நான் நாள் பூரா காத ஆ-ன்னு தொறந்துகினு ஒக்காந்து கீறேன்."

அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் மூன்று கம்பிகள் தொங்கின. மளிகைக் கடையில் பில் குத்தி வைப்பார்களே, அந்த வளைந்த கம்பி. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் செய்தியை எழுதி முதல் கம்பியில் குத்துவார். கேட்ட தேதி முன்பக்கமே அச்சாகியிருக்கும், தனியாக எழுத வேண்டாம். முதல் கம்பி, சொன்னது. சட்டசபையில் அறிவித்தார்கள், மந்திரி பேசினார், பேப்பரில் வந்தது, எல்லாம் அங்கே. அது சட்டமாகவோ உத்தரவாகவோ கையெழுத்தாகி அச்சில் வந்துவிட்டால், சீட்டை உருவி இரண்டாவது கம்பியில் குத்துவார். அமலுக்கு வந்து, உண்மையிலேயே நடக்க ஆரம்பித்தால்தான் மூன்றாவது கம்பி. முதல் கம்பியில் சீட்டுகள் தடித்து நுனி வரைக்கும் வந்திருக்கும். மூன்றாவதில் கம்பிதான் அதிகம் தெரியும்.

ஒரு வருடம் சட்டசபையில், புகைக்குள் போகிறவர்கள் முகத்தில் மாட்டிக்கொள்ளும் மூச்சுக் கருவி எல்லா நிலையத்துக்கும் புதிதாக வரும் என்று சொல்லிவிட்டார்கள். குவார்ட்டர்ஸில் ஒரே கொண்டாட்டம். வீரர் ஒருவர் லட்டு வாங்கி வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் கடைக்கும் வந்தார். அக்கா அங்கே உட்கார்ந்திருந்தார். லட்டைத் தொடவில்லை.

"இன்னா யக்கா, சக்கரையா உனுக்கு?" என்றார் அவர்.

"எனுக்கு ஒண்ணும் இல்ல. உனுக்குத்தான் பேஜாரு. சொன்னதுக்கே லட்டு துன்றியே, வந்திச்சின்னா இன்னாத்த துன்னுவே?"

"நல்ல நாள்ல நாலு வார்த்த நல்லதா பேச மாட்டியா நீ?"

"பேசுவேனே. வரட்டும்."

லட்டு என் கடை மேஜையில் அப்படியே இருந்தது. மறுநாள் எறும்பு மொய்த்தது. கருவி வருவதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. பெட்டிகளை இறக்கிய அன்று அக்கா அவற்றின் மேலிருந்த எண்ணை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய், சீட்டை மாற்றிக் குத்திவிட்டு, ஒரு குண்டான் கேசரி கிளறி நிலையத்துக்கு அனுப்பினார். லட்டு கொடுத்தவர்தான் முதல் கரண்டி வாங்கினாராம்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டேன். கல்யாணமான புதிதில் அவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள். ஒரு தீ விபத்துக்கு, மேலிடத்து அனுமதி வருவதற்குள் அவர் கணவர் தங்கள் நிலையத்தின் எல்லை தாண்டி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு உயிர் பிழைத்தது. ஆனால் விதியை மீறியதாக அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அக்கா ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினார். கடைசியில் தெரிந்தது, அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று விதியை மாற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிரதி எங்கோ ஒரு பீரோவுக்குள் கிடந்தது.

"சட்டம் எங்க பக்கம் இருந்திச்சி," என்றார். "எங்களுக்குத்தான் தெரியல. அன்னிக்கி முடிவு பண்ணேன். இனிமே எவனும் எனுக்கு சொல்ல வாணாம், நானே பாத்துக்கிறேன்னு."

சில நேரம் இந்தக் குணம் சிரிப்பாக இருக்கும். பல வருடம் கழித்து அவர் கணவருக்கு மாற்றல் வந்த கதையைச் சொன்னால் இன்றும் சிரிப்பேன். மூன்று பேருக்கு மாற்றல், மூன்று பேரும் எண்ணூர் என்று யாரோ போனில் சொல்லிவிட்டார்கள். மற்ற இரண்டு குடும்பமும் அன்றே பாத்திரத்தைச் சாக்கில் கட்டியது. ஒரு குடும்பம் மினி லாரி பிடித்து எண்ணூருக்கே போய் வாடகை வீட்டில் பாலும் காய்ச்சிவிட்டது. அக்கா ஒரு டம்ளரைக் கூட நகர்த்தவில்லை. "கைல பேப்பர் வரட்டும்" என்று தோசைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தார். உத்தரவு வந்தபோது மூன்று பேருக்கும் புழல் பக்கம் என்றிருந்தது. பால் காய்ச்சிய குடும்பம் திரும்ப அதே லாரியில் வந்து இறங்கியது. அக்கா அவர்களுக்குத் தோசை சுட்டுப் போட்டார்.

சில நேரம் சிரிப்பாக இருக்காது. மணலிப் பக்கம் ஒரு டேங்கர் லாரி தீப்பிடித்தபோது, லட்டு கொடுத்த அதே வீரருக்குக் கையிலும் கழுத்திலும் தீக்காயம். நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றோம். அவர் மனைவி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அக்கா பேனாவைத் திறந்து, உடன் போனவர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி மணிக்கு வண்டி எடுத்தீங்கோ? யார் யார் கோட்டு போட்டுகினு இருந்தீங்கோ?"

"யக்கா, இப்ப இதுதான் முக்கியமா?" என்று ஒருவர் சத்தம் போட்டார்.

"இப்ப கேட்டாத்தான் ஒரே மாதிரி சொல்லுவீங்கோ. நாளைக்கி ஆளுக்கொண்ணு சொல்லுவீங்கோ."

அந்தக் குறிப்பு பின்னால் அந்தக் குடும்பத்துக்கு உதவியது என்றார்கள். அந்த வீரரும் பிழைத்து வேலைக்குத் திரும்பினார். இருந்தாலும் அழுகிறவள் எதிரில் பேனாவைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அந்த வராண்டாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கோபம் வருகிறது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களுக்குப் பக்கத்து வீட்டைச் சொந்தக்காரர் காலி செய்து குடோனுக்கு வாடகைக்கு விட்டார். எடுத்தவர் பெயிண்டில் கலக்கும் தின்னரை டிரம் டிரம்மாக வாங்கி, கப்பல் பழுது பார்க்கும் இடங்களுக்கும் பட்டறைகளுக்கும் விற்றவர். நல்ல மனிதர்தான். தீபாவளிக்கு என் மகளுக்கு மத்தாப்புப் பெட்டி கொடுப்பார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். முதலில் பத்து டிரம் வந்தது. பிறகு அறை நிறைந்து, முற்றம் நிறைந்தது. வெயில் ஏற ஏற எங்கள் வீட்டுக்குள் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாசனை அடித்தது. நாளடைவில் அது எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது.

அக்காவுக்குத் தெரிந்தது. ஒருநாள் கடைக்குள் வந்தவர் மூக்கைத் தூக்கினார். நேராக உள்ளே போய், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் இருந்த சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"உன் மெஷினு சுட்டுகினு கீது. செவுத்துக்கு அந்தாண்ட இன்னா?"

"டிரம்முக்கா."

"செவுரு எத்தினி இஞ்சு?"

எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் ஓரத்தில் விரலை வைத்து அவரே அளந்தார். நாலரை இஞ்சு. ஒரு செங்கல் அகலம்.

"கொயந்த எங்க தூங்குது?"

காட்டினேன். அதே சுவரை ஒட்டி, பாய் சுருட்டி வைத்திருந்தது. அவர் விறுவிறுவென்று போய்விட்டார்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் குடோன்காரரிடம் கேட்டார். அவருக்குக் கோபமே வரவில்லை. உள்ளே போய் ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்துவந்து காட்டினார். சிறிய குடோன்களுக்குத் தீயணைப்புத் துறையின் சான்று தேவையில்லை என்று சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள், சட்டசபையில் நிறைவேறிவிட்டது என்று அதில் இருந்தது. அந்தத் துண்டை அவர் லேமினேஷன் போட்டு வைத்திருந்தார். லேமினேஷன் போட்டுக் கொடுத்தது நான்தான். என்ன என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை.

"சட்டமே வந்துடுச்சு," என்றார் என் வீட்டுக்காரர். "நாம வேற வீடு பாக்க வேண்டியதுதான்."

எங்கே போவது? அது அவர் அப்பா கட்டிய வீடு. கடையும் அங்கேதான். அன்றைக்கு மகளைக் கூடத்தின் நடுவில் படுக்கப் போட்டேன். அவள் உருண்டு உருண்டு பழைய இடத்துக்கே போனாள்.

காலையில் அக்கா ஒரு சீட்டும் நாலு தாளும் கொண்டுவந்தார். இரண்டாவது கம்பியில் இருந்து உருவிய சீட்டு. தாள், அந்தத் திருத்தச் சட்டத்தின் பிரதி.

"இங்க படி. ரெண்டாவது வரி."

'அரசு, அறிவிக்கை மூலம் குறிக்கும் தேதியில் இது நடைமுறைக்கு வரும்' என்று இருந்தது.

"பாஸ் ஆச்சி, கையெய்த்தும் ஆச்சி. நாளு குறிக்கல," என்றார் அக்கா. "பொண்ணு பாத்தாச்சி, பரிசமும் போட்டாச்சி, முகூர்த்தம் வெக்கல. இவுரு அதுக்குள்ள பந்தில எல போட்டு ஒக்காந்துட்டாரு."

"அதுவரைக்கும்?"

"அதுவரிக்கும் பழய சட்டம்தான். அதுல இவுருக்கு சர்டிபிகேட்டு வோணும். இல்லன்னா டிரம்மு போவணும். ஆனா நாளு எப்ப வேணா குறிப்பாங்கோ. நாளைக்கே வந்தாலும் வரும். வந்துச்சின்னா நீ ஒண்ணியும் கேக்க முடியாது."

"அப்ப நீங்க ஒரு மனு..."

"நான் குடுத்தா எங்க வூட்டுக்காரர வூட்டுக்கு அனுப்பிருவாங்கோ. செவுரு உன்து, புள்ள உன்து. கையெய்த்தும் உன்து."

"எனக்குப் பேச வராதுக்கா."

"உன்ன யாரு பேசச் சொன்னா? பேப்பர நீட்டு. மீதிய அது பேசும்."

மனுவை எழுதி, மூன்று முறை அடித்துத் திருத்தி, தீயணைப்பு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. வருகிற வியாழக்கிழமை பார்வையிட வருகிறோம் என்று பதில் வந்தது.

புதன்கிழமை அக்கா என்னைக் கடையைச் சாத்தச் சொல்லி மவுண்ட் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அரசிதழ் விற்கிற இடத்தில் அவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "வாங்கம்மா, மந்திரிக்கு முன்னாடி நீங்க வந்துடுறீங்களே," என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். அக்கா சிரிக்காமல், வாராந்தர இதழ்களையும், நடுவில் எந்த நாளிலும் வரக்கூடிய சிறப்பு இதழ்களையும் கேட்டு வாங்கி என் முன்னால் அடுக்கினார். அவர் தொடவில்லை.

"நீங்களே பாருங்கக்கா, உங்களுக்குப் பழக்கம்."

"நான் பாத்தா நான் பாத்ததா ஆவும். நாளைக்கி கேக்கப் போறது உன்ன. நீ பாரு."

சட்டம் நிறைவேறிய நாளிலிருந்து அன்று வரை வந்த ஒவ்வோர் இதழையும் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். விரலெல்லாம் மை. பெயர் மாற்றம், நிலம் எடுப்பு, டெண்டர், ஏதேதோ இருந்தது. எங்கள் சட்டத்துக்கு நாள் குறித்த அறிவிப்பு இல்லை. திரும்ப ஒருமுறை பார்க்கச் சொன்னார். பார்த்தேன், இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன். "அக்கா, இது நல்ல சட்டமா, கெட்ட சட்டமா?"

"அது எனுக்குத் தெரியாதும்மே. வந்துச்சா வரலியா, அத்த மட்டும் கேளு."

வியாழக்கிழமை ஜீப் வந்தது. அதிகாரியும் இரண்டு வீரர்களும் இறங்கினார்கள். ஜீப்பை ஓட்டி வந்தது அக்காவின் கணவர். அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே குவார்ட்டர்ஸ் மாடியில் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரே புடவையை எடுத்து எடுத்து மூன்று முறை உதறினார்.

தெருவே கூடிவிட்டது. குடோன்காரர் லேமினேஷன் போட்ட துண்டை அதிகாரியிடம் நீட்டினார்.

"சான்று வாங்கலையா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க சார். அதான் வாணாம்னு சட்டம் வந்துடுச்சே. பாருங்கோ."

அதிகாரி பார்த்தார். தாடையைத் தடவினார். "பாஸ் ஆனது நானும் படிச்சேன். எங்களுக்கு இன்னும் காப்பி வரலை. ஆபீஸ்ல கேட்டுட்டு அடுத்த வாரம் வர்றேன்," என்று ஜீப் பக்கம் திரும்பினார்.

அடுத்த வாரத்துக்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். நான் முன்னால் போய்த் தாள்களை நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை. அவர் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தூரமாகப் பிடித்தார். பிறகு என் கையிலேயே கொடுத்தார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலைம்மா. நீங்களே படிங்க."

இதற்கு அக்கா எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. படித்தேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா யக்கா!" என்றார் டீக்கடைக்காரர். "ஒரு காப்பியா ரெண்டு காப்பியான்னு கேக்கிறதக் கூட இத்த விட சத்தமா கேப்பியே!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எப்படியோ குரல் வந்தது. திரும்ப முதலிலிருந்து படித்தேன்.

"சரி," என்றார் அதிகாரி. "அரசு நாள் குறிச்சாச்சா?"

"இல்லீங்க சார். நேத்து வரைக்கும் வந்த எல்லா கெஜட்டும் பாத்தாச்சு. சிறப்பு இதழும் பாத்தாச்சு. இல்லீங்க."

"யாரு பார்த்தது?"

மாடியில் புடவை அசையவில்லை. ஜீப்பில் ஓட்டுநர் திரும்பவில்லை.

"நான்தான் பாத்தேன்," என்றேன். அன்றைக்கு நான் பேசியதிலேயே அதுதான் பெரிய சத்தம். உண்மையைச் சொன்னதால் இருக்கலாம்.

"சார், பேப்பர்லயே போட்டுட்டான் சார்," என்றார் குடோன்காரர்.

"பேப்பர் வேற, இது வேறங்க. சான்று இல்லைன்னு நீங்களே இப்போ சொன்னீங்க." அதிகாரி உள்ளே போய் டிரம்களை எண்ணினார், சுவரை அளந்தார். இரண்டு நாளில் அகற்ற வேண்டும் என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார்.

குடோன்காரருக்கு என்மேல் கோபம் இல்லை. "தங்கச்சி, நீ பேசுவியா?" என்றார். "உன் கொரலையே இன்னிக்கித்தான் கேக்கறேன்." சொன்ன நாளுக்குள் டிரம்மெல்லாம் லாரியில் ஏறி மணலிக்கு அந்தப் பக்கம் ஒரு திறந்த இடத்துக்குப் போனது. வீட்டை மட்டும் அவர் விடவில்லை. முற்றத்தைக் கழுவிப் பூட்டி, சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். அவரும் ஏதோ ஒன்றுக்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

ஐந்தாறு வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் அவர் என் கடையில் பில் புத்தகம் ஒன்றைக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே வந்தார். கையில் அரசிதழ். அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராகக் குடோன்காரரிடம் பேசினார்.

"அண்ணே, அந்தச் சட்டம் வந்துடுச்சி. நாளு குறிச்சிட்டாங்கோ. நம்பரு இது, தேதி இது. பாத்துக்கோங்கோ."

அவர் அப்படியே நின்றுவிட்டார். "என்கிட்ட ஏம்மா சொல்றே? அன்னிக்கி இவங்களுக்கு சொல்லிக் குடுத்தது நீதான்னு தெரு பூரா தெரியும்."

"அன்னிக்கி வரல. வரலன்னு சொன்னேன். இன்னிக்கி வந்துடுச்சி. வந்துடுச்சின்னு சொல்றேன்."

"அக்கா!" என்றேன். அழுகை வந்துவிட்டது. "யார் கேட்டாங்க உங்கள?"

"யாரும் கேக்கல. அவுருக்குத் தெரியாம வெச்சிகினு இருந்தா, பீரோவுல போட்டுப் பூட்டினவனுக்கும் எனுக்கும் இன்னா வித்தியாசம்?" என்றார். குரல் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் இதழை அவரிடம் நீட்டும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

குடோன்காரர் இதழை வாங்கி மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னா சொல்ற, தங்கச்சி?"

என் கையில் இந்த முறை நீட்டுவதற்குத் தாள் எதுவும் இல்லை. சட்டம் அவர் பக்கம் இருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாண்ணா," என்றேன். "உங்களுக்கு உரிமை இருக்கு, இல்லேன்னு நான் சொல்லல. ஆனா எம்பொண்ணு அந்தச் செவுத்த ஒட்டித்தான் படுக்குது. எத்தன தடவ எடுத்துப் போட்டாலும் அங்கயேதான் போவுது. எனக்குத் தூக்கமே வர்றதில்லண்ணா. கொண்டுவராதீங்க."

இவ்வளவு நீளமாக நான் ஒரு வெளி ஆளிடம் அதுவரை பேசியதில்லை. குடோன்காரர் இதழை மடித்து மேஜையில் வைத்தார். பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, காப்பிகளை அங்கேயே மறந்து வைத்துவிட்டுப் போனார். அக்காவும் போய்விட்டார். சீட்டை மூன்றாவது கம்பிக்கு மாற்றத்தான் போயிருப்பார்.

மறுநாள் காலை குடோன்காரர் வந்து, பக்கத்து வீட்டுச் சாவியை அதன் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.